கப்பலின் வால் பக்கத்துக் கல்

"டீச்சர், கப்பக்காரர் போயிட்டாக."

கண்மாய்க் கரைப் பாக்கியம் போனில் இதைச் சொன்னபோது நான் அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே போயிட்டார் என்றுதான் முதலில் கேட்டேன். மறுநாள் காலை தாலுகா அலுவலகத்திலிருந்து அவள் இடத்தை அளக்க வருகிறார்கள், இந்த நேரம் பார்த்து இந்த மனுஷன் எங்கே போய்த் தொலைந்தார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. எதிர்முனையில் பாக்கியம் அழத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. இன்னாலில்லாஹி என்று வாய் சொல்லிவிட்டது. மனசு மட்டும், நாளைக்கு அளக்க வருவார்களே, நாளைக்கு அளக்க வருவார்களே என்று அதையே சுற்றிக்கொண்டிருந்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்ததை வெகு நேரம் கழித்துத்தான் பார்த்தேன்.

உங்களில் பலர் அவரை சர்வேயர் சோலைமலை என்று அறிவீர்கள். சிவகங்கைச் சீமையில் அவருடைய அளவுச் சங்கிலி விழாத வரப்பு குறைவு. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வந்த பெயர்தான் கப்பக்காரர், அதாவது கப்பல்காரர். அந்தப் பெயர் வந்த கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதியில் நானும் இருந்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் தயாராகிறது, கட்டுரைகளில் உள்ள விவரம் சரியா என்று பார்த்துக் கொடுக்க ஆட்கள் தேவை என்று கேட்டார்கள். காரைக்குடியில் ஒப்புக்கொண்டது நாங்கள் இரண்டு பேர். நான் மின்சாரமும் ஒளியும் எடுத்துக்கொண்டேன். அவர் கப்பல்களைக் கேட்டார். கடலை விட்டு இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு எதற்குக் கப்பல் என்றேன். "நெலத்தை அளந்து அளந்து சலிச்சுப் போச்சு டீச்சர். போய் அளக்க முடியாத எதையாச்சும் குடுங்கன்னேன், குடுத்துட்டாக" என்றார்.

கொடுத்ததுதான் கொடுத்தார்கள், அதிலும் உல்யானவ்ஸ்க். சோவியத் நாடு தன் கடைசிக் காலத்தில் கட்டத் தொடங்கிய விமானம் தாங்கிக் கப்பல். அணுசக்தியில் ஓட வேண்டியது. கருங்கடல் பக்கத்து ஊர் ஒன்றில் கட்டுதளத்தின் மேல் பாதி எழும்பி நின்றது. நாடு உடைந்தது, பணம் நின்றது, நின்ற இடத்திலேயே கப்பலை அறுத்து இரும்பாக விற்றுவிட்டார்கள். தண்ணீரில் இறங்கவே இல்லை. இல்லாமல் போன அந்தக் கப்பலைப் பற்றி ஆளுக்கொரு விவரம் எழுதி வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கு நாற்பது முடிந்தது என்கிறார் ஒருவர், அதில் பாதிதான் என்கிறார் இன்னொருவர். "நாப்பதுன்னா எதுல நாப்பது? எடையிலயா, வேலையிலயா?" என்று இவர் என்னைப் பிடித்துக்கொள்வார். நானா கட்டினேன்?

கப்பலின் நீளத்திலேயே இரண்டு கணக்கு இருந்தது. வித்தியாசம் ஓர் ஆட்டோ நீளத்துக்குக் கொஞ்சம் கூட. பெரிய கணக்கைத்தான் எல்லா இடத்திலும் பார்த்தோம், அதையே போட்டுவிடலாம் என்றேன். அவர் ஒரு வாரம் அதையே தோண்டிக்கொண்டிருந்தார். பிறகு வந்து, நாங்கள் பார்த்த அத்தனை பேரும் ஒரே இடத்திலிருந்து எடுத்து எழுதியவர்கள் என்று வரிசையாகக் காட்டினார். சின்னக் கணக்கைச் சொன்னவர்கள் இரண்டே பேர், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து எழுதவில்லை. அன்றைக்கு அவர் சொன்னதுதான் பின்னால் ஒரு வீட்டைக் காப்பாற்றியது.

"எத்தனை பேரு சொல்றாகன்னு எண்ணாதீக டீச்சர். எத்தனை பேரு பார்த்தாகன்னு எண்ணுங்க. ஒரே ஆளு நட்ட பத்துக் கல்லும் ஒரு கல்லுதான்."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு நீளத்தையும் போடுவோம் என்று கட்டுரையில் இரண்டையும் போட்டோம். இன்னொரு சண்டையும் தீராமல் இருந்தது. தண்ணீர் மட்டத்தில் கப்பலின் நீளம் எவ்வளவு என்று கேட்கும் கட்டம் ஒன்று கட்டுரையில் உண்டு. மற்றக் கப்பல்களுக்கெல்லாம் இருக்கிறது, இதற்கும் வரைபடத்தில் இருக்கிறதே, எழுதுங்கள் என்பேன். "தண்ணியவே பார்க்காத கப்பலுக்கு நீர்க்கோடு ஏது?" என்று காலியாக விட்டுவிடுவார். நான் நிரப்புவேன், அவர் அழிப்பார்.

அந்தக் கப்பல் நின்ற ஊரில் சின்ன வயதில் வளர்ந்த ஒருவரை இணையத்தில் எப்படியோ பிடித்தார். கைபேசியில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டு ஜன்னல் நிறைய அந்தக் கப்பல்தான் தெரியும், பகலெல்லாம் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்கும், பிறகு அறுக்கும் சத்தம் கேட்டது, ஒரு நாள் காலையில் பார்த்தால் ஜன்னலில் வெறும் வானம், ஆனாலும் சத்தம் இன்னும் கொஞ்ச நாள் கேட்டது என்று அவர் எழுதியிருந்தார். இதை என்னிடம் படித்துக் காட்டிவிட்டுச் சோலைமலையண்ணன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அந்த ஊரில் போர் வந்தது. அந்த மனிதரிடமிருந்து பதில் வருவது நின்றுவிட்டது. இவர் மட்டும் பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்பிக்கொண்டே இருந்தார்.

போன கோடையில்தான் கப்பலைத் தரையில் போட்டார். இத்தனை விமானம் உள்கூடத்தில் அடங்கும் என்று ஒரு வரி இருந்தது. அவருக்கு நம்பிக்கை இல்லை. "காகிதத்துல எல்லாமே அடங்கும். தரையில போட்டாத்தான் எது முட்டுதுன்னு தெரியும்" என்றார். பிள்ளையார்பட்டி போகிற வழியில் டவுன் பஸ்ஸை விட்டிறங்கி உள்ளே நடந்தால் ஒரு கண்மாய். வறண்டு கிடந்தது. அதன் படுகையில் கப்பலை அதன் நிஜ அளவிலேயே அளந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். கோடு அழிந்தால் இடம் தெரிய வேண்டுமே என்று மூக்கிலும், இரண்டு விலாவிலும், வாலிலுமாக நான்கு கல் நட்டார். இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய உடைந்த தூண் துண்டுகள். நட்டவர் சும்மா இருக்கக்கூடாதா? ஆயுசு பூராவும் செய்த வேலை, கை தானாகப் போயிருக்கிறது. ஒவ்வொரு கல்லின் தலையிலும் எல்லைக் கல்லுக்கு வெட்டுகிற குறியை வெட்டிவிட்டார். ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் ஒரு கை கரியும் போட்டார். கல்லை யாராவது பிடுங்கினாலும் கரி இடத்தைச் சொல்லும் என்பது அவர் கணக்கு. கரி மக்காது.

நான் போய்ப் பார்த்த அன்று பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெறும் வெள்ளைக் கோடுதான். ஆனால் மூக்கில் நின்று வாலைப் பார்த்தபோது என் குரல் தானாகத் தணிந்துவிட்டது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "அங்குட்டு நிக்காதீக, அது விமானத்தை ஏத்துற லிஃப்ட்டுக் குழி" என்றார். நான் சட்டென்று விலகிக்கொண்டேன். விலகிய பிறகு எனக்கே வெட்கமாகப் போயிற்று.

கட்டப்பட்டதாக இரண்டு பேராவது சொன்ன பகுதிக்கு மட்டும்தான் அவர் கோடு போட்டிருந்தார். மீதி இடம் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வெறும் மண்ணாகக் கிடந்தது. கண்மாய்க் கரையில் வீடு கட்டிக்கொண்டு ஆடு வளர்க்கும் பாக்கியத்தின் ஆடுகள் கோடு போட்ட பகுதிக்குள் தாராளமாக மேயும். கோடு போடாத அந்த வெற்றிடத்தில் மட்டும் கால் வைக்காது. சுற்றிக்கொண்டு போகும். அந்தப் பக்கம் புல் சரியில்லை என்று நான் சொன்னேன். புல் நன்றாகத்தான் இருந்தது. உச்சிப் பொழுதில் அங்கே இரும்பு தட்டுற சத்தம் கேட்கிறது என்று பாக்கியம் சொன்னதற்கு, ஊருக்குள் பழைய வீடு இடிக்கிறார்கள், அதுதான் என்றேன். அவளிடம் யாரும் அந்த ஜன்னல்காரரைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை.

கப்பலின் வால் பாக்கியத்தின் ஆட்டுக் கொட்டகைக்குள் போய் விழுந்தது. நான் நாட்டரசன்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாள் அது. பாக்கியம் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், கொட்டகைக்குள் குறி வெட்டிய கல், வீட்டின் நடுவே வெள்ளைக் கோடு. சர்வேயர் கல் நட்டால் அடுத்து புல்டோசர் வரும் என்பது நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? அவள் பட்டாவுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பவள். விமான நிலையம் வருகிறதா என்று அழுதுகொண்டே கேட்டிருக்கிறாள். இல்லையம்மா, இது ஒரு கப்பல், அதுவும் இல்லாத கப்பல் என்று இவர் சமாதானம் சொல்லியிருக்கிறார்.

"இல்லாத கப்பலுக்கு எதுக்கய்யா எம்வீட்டுல கோடு?" என்று கேட்டாளாம்.

அவர் கோட்டை அழித்தார். கல்லைப் பிடுங்கினார். குடியிருக்கிற வீட்டை ஒரு கோடு அறுத்துக்கொண்டு போகக்கூடாது என்று அவருக்கு ஒரு எண்ணம். ஒன்று, வீடு முழுக்க வெளியே இருக்க வேண்டும், இல்லை முழுக்க உள்ளே இருக்க வேண்டும். வீட்டை வெளியே விட்டால் கப்பல் குட்டையாகிவிடும். "ஏற்கெனவே அறுத்தவுக அறுத்துட்டாக, நானும் அறுக்கவா?" என்று நினைத்து, கல்லைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் நட்டார். வீடு முழுசாகக் கப்பலுக்குள் வந்துவிட்டது. பாக்கியத்துக்கும் சந்தோஷம். அவசரத்தில் புது இடத்தில் கரி போடவில்லை.

போன வருஷம் மழை ஏய்த்துவிட்டது. கண்மாய் வறண்டே கிடந்தது. இவரும் அவ்வப்போது போய்க் கோட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம் அந்தப் பக்கம் சாலை போட அளக்க வந்தவர்கள், வீட்டுக்குப் பின்னால் குறி வெட்டிய கல்லைப் பார்த்து, கண்மாயின் எல்லை இதுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் பாக்கியத்தின் வீடு கண்மாய்க்குள் இருக்கிறது. ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸைப் பார்த்த அன்று சோலைமலையண்ணனின் முகத்தை நான் மறக்க மாட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். அங்கே ஒரு சின்ன வயது சர்வேயர். அவரிடம் இவர், அந்தக் கல் அரசாங்கக் கல் இல்லை, ஒரு கப்பலோட கல் என்றார். எந்தக் கப்பல் என்று அவர் கேட்டார். கட்டி முடிக்காத கப்பல். எங்கே இருக்கிறது? இப்போது எங்கேயும் இல்லை. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பையன் சிரிக்கவில்லை, அதற்காக அவர் நன்றாக இருக்க வேண்டும். கண்மாய்க்கே வந்து, எங்கள் கட்டுரையில் இருந்த அளவுகளை வைத்து அளந்து பார்த்தார். மூன்று கற்கள் கப்பலோடு பொருந்தின. நான்காவது பொருந்தவில்லை. பொருந்தாத கல் கப்பலின் கல் இல்லை, அப்படியானால் அது எல்லைக் கல்தான் என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதை நான்தான் நகர்த்தினேன் என்றார் இவர். யாருக்காக என்று அந்தப் பையன் கேட்டார். இந்தம்மாவுக்காக என்று பாக்கியத்தைக் காட்டினார். உண்மையைச் சொன்னார், அது பொய்ச் சாட்சி மாதிரியே கேட்டது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

முதலில் நட்ட இடத்தில் கரி இருக்கிறது, கொட்டகைக்குள் தோண்டினால் தெரியும் என்றார். கொட்டகைக்கு அதற்குள் சிமெண்ட் தளம் போட்டாகிவிட்டது. பாக்கியம் முழுத் தளத்தையும் பேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அப்போது அந்த இளைஞர் சொன்னதைக் கேட்டு எங்கள் சர்வேயரின் முகமே மலர்ந்துவிட்டது. "அடுப்புக் கரி எல்லா வீட்டு மண்ணுலயும் கிடக்கும்ங்கய்யா. எங்க இருக்குன்னு முதல்ல சொல்லிட்டு, அங்க மட்டும் தோண்டணும்." வெளியே வந்ததும், தோற்றால்கூட இந்தப் பையனிடம் தோற்கலாம் டீச்சர் என்றார். நாள் குறித்தார்கள். நான் வந்து இடத்தைக் காட்டுகிறேன், கவலைப்படாதீர்கள் என்று பாக்கியத்திடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முந்தின நாள் விடியலில் தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது.

சாயங்காலம் அவரை எடுத்தார்கள். மறுநாள் காலை நானும் பாக்கியமும் கண்மாயில் நின்றோம். நாளைத் தள்ளி வைக்கலாம் என்று அந்த இளைஞர் நல்ல மனசோடு சொன்னார். வடக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. கண்மாய் நிறைந்துவிட்டால் அப்புறம் எதை அளக்க? அளப்போம் என்றேன். முதலில் மற்றக் கற்களின் அடியைத் தோண்டினார்கள். மூன்றிலும் கரி. வீட்டுக்குப் பின்னால் இருந்த கல்லைத் தோண்டினார்கள். வெறும் செம்மண். "பார்த்தீங்களாம்மா, இது வேற கை" என்றார் அந்த இளைஞர் மெதுவாக. பாக்கியம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

மூக்குக் கல்லிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். நான் கைபேசியில் கட்டுரையைத் திறந்தேன். இரண்டு நீளம். நான் பிடிவாதம் பிடித்துப் போட வைத்த இரண்டு நீளம். இரண்டுமே கொட்டகைக்குள்தான் விழும். ஒன்றைத்தான் சொல்லலாம். எந்தக் கணக்கில் அவர் கல் நட்டார் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

"டீச்சர், நெசமாத் தெரியுமா?" என்றாள் பாக்கியம்.

தெரியாது என்றேன். அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஊர் உலகமெல்லாம் சொன்னது பெரிய கணக்கு. பார்த்தவர்கள் சொன்னது சின்னது. சின்னதைச் சொன்னேன்.

டேப்பை மூக்கிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த வெற்றிடத்தைத் தாண்டும்போது டேப் பிடித்த உதவியாளர் எதையோ மிதிக்காமல் இருக்கிற மாதிரி ஓரமாக நடந்தார். யாரும் அவருக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. கொட்டகைக்குள் டேப் முடிந்த இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போட்டார்கள். கடப்பாரை விழுந்தது. சிமெண்ட் பேர்ந்தது, மணல் வந்தது, செம்மண் வந்தது. முழங்கை ஆழம் போயும் ஒன்றும் இல்லை. போதும் என்று அந்த இளைஞர் கை காட்ட, உதவியாளர் கடப்பாரையை நிறுத்தினார்.

இரும்பு தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. படுகைப் பக்கமிருந்து கேட்டது. நாலைந்து தரம், நிதானமாக. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். படுகையில் யாரும் இல்லை. அந்த இளைஞர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு என்ன தோன்றியதோ, அவரே குழிக்குள் குனிந்து கையால் மண்ணை வாரினார். அடுத்த பிடியில் அவர் விரல்கள் கறுப்பாக வந்தன.

வீடு நின்றது. அந்தக் கல் எல்லைக் கல் அல்ல என்று எழுதி, பழைய எல்லைக் கற்களைத் தேடி அளந்து, நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நான்கு கற்களையும் பிடுங்கியாயிற்று. அவர் படத்துக்கு முன்னால் இதைச் சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் அழ முடியவில்லை, பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரமே மழை பிடித்தது. மூன்றாம் நாள் பாக்கியம் போன் செய்தாள். டீச்சர், இங்குட்டு வந்து ஒன்று பாருங்கள், என்னவென்று நான் சொல்ல மாட்டேன், நீங்கள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள். நான் போனபோது அவள் அவள் வீட்டுக் கரையில் நின்றாள், நான் பஸ் வந்து நிற்கும் பக்கத்துக் கரையில் நின்றேன். கண்மாயில் முழங்கால் அளவு தெளிந்த தண்ணீர். அடியில் சுண்ணாம்புக் கோடு வெள்ளையாகத் தெரிந்தது. அவர் கோடு போட்ட பகுதி மட்டுமல்ல. போடாமல் விட்ட இடத்திலும் தெரிந்தது. மூக்கிலிருந்து பாக்கியம் நின்ற கரை வரை கப்பல் இடைவெளியில்லாமல் தண்ணீரில் கிடந்தது. சுண்ணாம்பு கரைந்து பரவும், எனக்குத் தெரியாதா, நான் இயற்பியல் நடத்தியவள். பரவுகிற சுண்ணாம்பு விளிம்பு பிசகாமல் பரவுமா என்று மட்டும் யாரும் என்னைக் கேட்காதீர்கள். மறுநாள் தண்ணீர் கலங்கிவிட்டது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது கொட்டகையில் எடுத்த ஒரு கரித்துண்டு. கலைக்களஞ்சியத்தில் நீர்க்கோட்டுக் கட்டத்தை, நான் தோற்றுவிட்டேன் அண்ணே, காலியாகவே விட்டு அனுப்பினேன். அன்று கரையில் கண்டதை இதை எழுதும் வரை யாரிடமும் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவர் இருந்திருந்தால் முதலில் ஒன்றுதான் கேட்டிருப்பார், எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று.

இரண்டு பேர் அண்ணே. ஆளுக்கொரு கரையில் நின்று பார்த்தோம். நான் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்து கப்பல் என்று சொல்லும் வரை, ஒருவருக்கொருவர் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.